முத்திரை கலையாமல்

கடியபட்டணம் பங்கு மேடை டிவியில்
ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினால் இலங்கை வரும்.
வெள்ளி ராத்திரி ஒன்பதரைக்கு
ஒரு வெள்ளைக்கார டாக்டர் பிணம் அறுப்பார்.
பேச்சு இங்கிலீஷ், கீழே சிங்கள எழுத்து.
இரண்டும் தெரியாத எண்பது பேர்
மூச்சுவிடாமல் பார்ப்போம்.
கடல்காற்றுக்குத் திரையில் புள்ளி விழும்,
டாக்டர் முகத்தில் மணல் கொட்டுகிற மாதிரி.

அன்றைக்கு முங்கிச் செத்தவன் கதை.
நெஞ்செலும்பில் ஒரு துண்டு வெட்டி
ஆசிட்டில் கரைத்து
கண்ணாடிச் சில்லில் வைத்துக் குனிகிறார்.
உள்ளே என்னமோ பொடிப்பொடி உயிர்.
"லேய், வள்ளம் மாதிரி இருக்குடே!"
முன்வரிசைப் பிள்ளைகள் கத்தின.
"கடல்வெள்ளமும் குளத்துவெள்ளமும் ஒண்ணில்ல,
எலும்புக்குத் தெரியும் கேட்டியளா"
எல்லாருக்குமாகச் சொன்னார் அம்புரோஸ் சார்.
கொன்றவன் கதவைத் திறக்கும்போது
கரண்டு போயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான்
நேசபாயை மதுரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.
முழுசாய் இல்லை. மூன்று பாட்டில்.
வயிறு ஒன்றில், ஈரல் ஒன்றில்,
மூன்றாவதில் வெறும் உப்புவெள்ளம்.
அது எதுக்கு என்று கேட்டேன்.
ரூல் அப்படி என்றார் ரைட்டர் மரியசிலுவை.
அரக்கு முத்திரை, மரப்பெட்டி, என் மடி.
ஆரல்வாய்மொழிக் காற்றில் பஸ் ஆடும்போதெல்லாம்
உள்ளே களக் களக்.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்:
மார்த்தாண்டம் தேனா?
ஆமா என்றேன்.
விருதுநகரில் எல்லாரும் புரோட்டா தின்ன இறங்கினார்கள்.
பெட்டியை விட்டுவிட்டு இறங்க முடியாது.
எடுத்துக்கொண்டு போய்
இலைக்குப் பக்கத்தில் வைக்கவும் மனசில்லை.

வள்ளியாறு கடலில் சேருகிற பாறையிடுக்கில்
அவளைத் தூக்கினவர்களில் நானும் ஒருத்தன்.
அவிழ்ந்த கொண்டையில்
ஆகாயத்தாமரை வேர், ஒரு விரல் நீளம்.
கடலில் ஏது ஆகாயத்தாமரை?
இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.
"ஆறு கொண்டுவந்திருக்கும் வேய்."
கொண்டுவந்திருக்கலாம்.
வீட்டுக்காரன் விளையில் ஒரு குளம் உண்டு,
அதையும் சொன்னேன்.
"தாணு, நீ கான்ஸ்டபிள்."

பதினாலு மாசம் கழித்துப் பதில் வந்தது:
நஞ்சு எதுவும் காணப்படவில்லை.
நாங்கள் கேட்டிருந்தது அதை மட்டும்தான்.
வெள்ளத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை.
நெஞ்செலும்பு அவளிடமே இருந்தது,
திங்கள்நகருக்கு அந்தப்பக்கம், மண்ணுக்குள்.
வீட்டுக்காரன் மறுகல்யாணத்துக்கு
ஸ்டேஷனுக்கும் பத்திரிகை வைத்தான்.
ரைட்டர் போய்வந்தார்.
அடைப்பிரதமன் நல்லா இருந்ததாம்.

பென்ஷன் வாங்கிப் பதினோரு வருசம்.
மருமகன் போனில் தேடி எடுத்துத் தந்தான்,
அதே கதை. இப்போது புள்ளி இல்லை.
கடைசி அஞ்சு நிமிசம் பார்த்தேன்.
கொன்றவன் யாரென்று
எண்பது பேரும் அன்றைக்கே சொன்னதுதான்.

நான் பின்னால் தள்ளித் தள்ளி
வேறோர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
டாக்டர் குனிந்திருக்கிறார். கதவு திறக்கிறது.
தொப்பி போட்ட ஒரு ஆள், கையில் பெட்டி.
மேசை ஓரத்தில் வைக்கிறார்.
யாரும் நிமிரவில்லை.
எந்த வண்டியில் வந்தார்,
வழியில் ஏதாவது தின்றாரா,
ஒன்றும் கிடையாது. நாலு நொடி.

எடோ, எடோ என்கிறேன் போனைப் பார்த்து.
ரசீதில் கையெழுத்து வாங்காமல்
போகிறார்.